முருகைக்கல்: வெளிறலுக்கும் மீட்சிக்கும் நடுவில்

ஒரகடம் சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு பெரிய திரை உண்டு. கார்களுக்கான உதிரி பாகங்கள் செய்யும் இடம். எந்த லைன் ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு கட்டங்களாகத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

திரையின் கீழ் ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே சராசரியாக எத்தனை மணி நேரம் என்பது முதல் எண். பழுதான எந்திரம் மீண்டும் ஓட சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இரண்டாவது. எம்.டி.பி.எஃப்., எம்.டி.டி.ஆர். என்று ஷிப்டில் எல்லாரும் சொல்வோம். விரிவாக்கம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் முதல் எண் சுருங்கிச் சுருங்கி இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று டீ கொண்டுவரும் அண்ணனுக்குக்கூடத் தெரியும். மெயின்டனன்ஸில் இருபது வருடமாக இருக்கும் ஒருவர் எனக்குச் சொன்ன விளக்கம் இது: "மெஷின் கெட்டுப்போறது பிரச்சினையே இல்ல தம்பி. சரி பண்ணி முடிக்கறதுக்குள்ள திரும்பக் கெட்டுப்போச்சுன்னா, அதுதான் பிரச்சினை."

2024 ஏப்ரல் மாதம், ஒரு நைட் ஷிப்டில், இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் மொபைலில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். உலகளாவிய பவளப்பாறை வெளிறல் நான்காவது முறையாகத் தொடங்கிவிட்டது என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா அறிவித்திருந்தது. முந்தைய மூன்றின் ஆண்டுகளும் அதில் இருந்தன: 1998, 2010, 2014 முதல் 2017 வரை.

அந்த ஆண்டுகளில் இரண்டை எனக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். 1998-இல்தான் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் நானும் பொறியியல் முடித்துவிட்டு, கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து இந்தச் சாலைக்கு முதல்முறை வந்தேன். ஒரு ஆலை திறந்ததால் அந்த வருடம் பவளம் வெளிறியது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அபத்தம். ஆனால் இந்த நெடுஞ்சாலையின் வரலாறும் அந்தக் கடலடியின் வரலாறும் ஒரே காலண்டரில் நடந்தவை. இரண்டுக்கும் நடுவே என் குடும்பமும் இருந்தது.

*

என் அப்பாவின் ஊர் தூத்துக்குடி. தாத்தா வாலிபத்தில் வள்ளத்தில் போய்க் கடலுக்குள்ளிருந்து கல் எடுத்தவர். பிறகு சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தார். அந்தக் கல்லுக்கு எங்கள் வீட்டில் 'பவளம்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முருகைக்கல் என்பார்கள், இல்லாவிட்டால் வெறுமனே 'கல்லு'. கல் இருக்கும் இடம் 'பாரு'.

பவளம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடும். சங்க காலம் துகிர் என்று சொன்னதும், பாட்டிகள் மோதிரத்தில் பதித்ததும் சிவப்புப் பவளம். பெரும்பாலும் மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வணிகத்தில் வந்தது. நம் மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் பவளம் அதன் தூரத்து உறவு. அது நகையாகாது, சுவராகும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லில் தேன்கூடு போலவும் பூப்போலவும் குழிகள் இருக்கும். யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் அதே கல்தான். தூத்துக்குடியில் எங்கள் பழைய வீட்டின் அஸ்திவாரத்திலும் அதே பூக்குழிகள் உண்டு. சின்ன வயதில் அவற்றில் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் வாழ்ந்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லப் போனபோது தாத்தாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. "என்ன கம்பெனிய்யா?" என்று கேட்டார். காருக்கு சாமான் செய்யும் கம்பெனி என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அவராகவே பழைய கதையை எடுத்தார்.

"கல்லு வளரும்யா. நாங்க மொதல்ல ஒரு பாருல எடுத்தா, அடுத்து கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போறதில்ல. வளரட்டும்னு விட்ருவோம். பொறவு லாரி வர ஆரம்பிச்சிட்டு. தெனம் கல்லு வேணும்னான். விட்டு வைக்க ஏது நேரம்? ஒருநாள் பார்த்தா, கடப்பாரைக்கு மணல்தான் தட்டுப்படுது."

இதை அவர் குற்ற உணர்ச்சியோடு சொல்லவில்லை, ஒரு தொழில்காரனின் கணக்காகத்தான் சொன்னார். அந்தக் கல்லை வெட்டிய கூலியில் வீடு வந்தது. வீட்டை அடகு வைத்து அப்பா என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். படிப்பு என்னை ஒரகடத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் மூன்றாம் மனிதனைப் போல நான் எழுத முடியாது.

*

தாத்தா சொன்னது தனி ஒருவரின் நினைவு மட்டுமில்லை, ஆவணத்திலும் இருக்கிறது.

1969 ஜனவரியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் முகாமில் ஒரு கருத்தரங்கு நடந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் நடத்திய அந்தப் பவளப்பாறைக் கருத்தரங்குதான், இன்று உலகம் முழுவதும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசப் பவளப்பாறை மாநாட்டு வரிசையில் முதலாவது. இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், கப்பலிலேயே நடந்தது. உலகப் பவள அறிவியல் முதன்முதலில் ஒன்றுகூடிய இடம் நம் பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரிந்ததே முப்பது வயதுக்கு மேல்தான்.

1972-இல் வந்த அதன் தொகுப்பில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிறுவனத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் பவளம் எங்கெங்கே இருக்கிறது, எவ்வளவு வெட்டப்படுகிறது என்பதைப் பற்றியது. அவர்கள் மதிப்பீட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 கன மீட்டர், எடையில் ஏறக்குறைய 25,000 டன். சுண்ணாம்புக்கு, கால்சியம் கார்பைடுக்கு, கட்டடத்துக்கு. அறிஞர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து பவளங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், தூத்துக்குடியில் என் தாத்தாவின் வள்ளம் கரை வந்துகொண்டிருந்தது.

காளவாயில் என்ன நடக்கிறது என்பது பிளஸ் டூ வேதியியல்தான். கால்சியம் கார்பனேட்டை 900 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், கரியமில வாயு மேலே போகும். நூறு கிலோ கல்லுக்கு 44 கிலோ வாயு. ஒரு பேச்சுக்கு, அந்த 25,000 டன்னும் சுத்தமான கார்பனேட்டாக இருந்து முழுக்கக் காளவாய்க்குப் போனதாக வைத்தால், வருடத்துக்கு 11,000 டன். உலகக் கணக்கில் அது தூசி. கடலைச் சூடாக்கியது அந்தக் காளவாய்கள் இல்லை. ஆனால் பவளம் பல நூறு வருடம் கடலிலிருந்து பிடித்துக் கல்லாக்கி வைத்த கரியை ஒரே நாளில் வானத்துக்கு அனுப்பும் அந்தச் செயலில், பிறகு வந்த எல்லாவற்றுக்குமான ஒரு சின்ன மாதிரி இருக்கிறது.

1986-இல் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 1989-இல் அது உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. இருந்தும் வெட்டுவது நின்றது 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005-இல்தான். கடலடியில் பாறை இருந்த இடங்களில் கரை தப்பியது என்ற பேச்சு ஊர்களில் பரவியது. சட்டம் செய்யாததை அந்தப் பயம் செய்தது.

அதற்குள் கணக்கு மோசமாகியிருந்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை செய்த ஆய்வில், சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துபோயிருந்தது. முக்கியக் காரணம் கல் எடுத்ததுதான். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சல்லி என்றால் உடைந்த சிறு கல். தீவின் பெயரிலேயே கல் இருந்தது. அடியில் இருந்த கல் போனதும் தீவும் போனது.

*

வெளிறல் என்றால் என்ன?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் விலங்கு இல்லை. அதன் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு தயாரித்து, பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரை வாடகையாகக் கொடுத்துவிடும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரர்களுடையதுதான். தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றுவிட்டால், பாசிகளின் ஒளிச்சேர்க்கை தடம் புரளும். உணவுக்குப் பதிலாகத் திசுவைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வடிவங்கள் குவியும். பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிடும். கண்ணாடி மாதிரியான திசு வழியாக அடியிலிருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அதுதான் வெளிறல்.

1928-29-இல் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுப் பயணத்திலேயே சி.எம். யங்கும் நிக்கல்ஸும், வெப்பத்தில் பவளம் பாசியைத் துப்புவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அப்போது அது ஓரிடத்தின் வினோதம். 1982-83 எல் நினோவில் பசிபிக்கின் கிழக்குக் கரையில் பெரும்பரப்பு செத்தபோதுதான் அது கடல் அளவிலான வியாதி என்று புரிந்தது. 1998-இல் உலகளவில் வந்தது. உலகப் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 16 சதவீதம் அந்த ஒரே சுற்றில் அழிந்ததாக மதிப்பிட்டார்கள்.

அந்த வருடம் மன்னார் வளைகுடாவும் வெளிறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகும் ஒரு மாமா இருந்தார். கோடை விடுமுறையில் தாத்தாவிடம் வந்து, "பெரியப்பா, அடியில பூராஞ் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு" என்று சொன்னது நினைவிருக்கிறது. எங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது என்றால் பொங்கல். வீட்டில் எல்லாரும் சிரித்தோம்.

வெளிறிய பவளம் செத்த பவளம் இல்லை. இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டு சில வாரங்கள் தாங்கும். சில இனங்கள் இரவில் விரல்களை நீட்டி மிதவை உயிர்களைக் கூடுதலாகப் பிடித்துத் தின்று சமாளிக்கும். தண்ணீர் குளிர்ந்தால், திசுவில் மிச்சமிருக்கும் கொஞ்சம் பாசி மறுபடி பெருகி, சில வாரங்களில், மாதங்களில் நிறம் திரும்பும். வெப்பம் தாங்கும் வேறு வகைப் பாசியைக் கூடுதலாகக் குடிவைத்துக்கொள்ளும் பவளங்களும் உண்டு. ஆனால் அந்தக் குடித்தனக்காரர் வாடகை குறைவாகத்தான் கொடுப்பார், வளர்ச்சி மெதுவாகும். எல்லாத் தாங்கும் சக்திக்கும் ஒரு விலை இருக்கிறது.

யார் பிழைப்பார்கள் என்பதும் ஒரே மாதிரி இல்லை. மான்கொம்பு மாதிரி கிளைவிடும் அக்ரோபோரா வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும், ஆனால் வெப்பத்தில் முதலில் விழும். பானையைக் கவிழ்த்த மாதிரி உருண்டையாக இருக்கும் போரைட்டஸ் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஆனால் நின்று பிடிக்கும். அடிபட்ட கடலடியில் மெல்ல மெல்ல உருண்டைகள் மிஞ்சி, கிளைகள் குறையும். மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்வது கிளைகளுக்குள்தான். தூரத்திலிருந்து பார்த்தால் 'பவளம் இருக்கிறதே' என்று தோன்றும். உள்ளே இருந்த ஊர் காலியாகியிருக்கும்.

செத்த பிறகும் ஒரு வழி உண்டு. வேறெங்கோ பிழைத்த பவளங்கள் விடும் இளம் உயிர்கள் நீரோட்டத்தில் வந்து, வெறுங்கல்லில் ஒட்டி, புதுக் குடியிருப்பைத் தொடங்கலாம். அதற்கு மூன்று வேண்டும். முதலில், ஒட்டிக்கொள்ளக் கெட்டியான கல். மணலில் ஒட்ட முடியாது. அடுத்து, கல்மேல் பாசி மண்டாமல் மேய்ந்து வைக்கக் கிளிமீன் போன்றவை. மூன்றாவது, நேரம். வேகமாக வளரும் இனங்களுக்கே பத்துப் பதினைந்து வருடம். மெதுவானவற்றுக்குப் பல பத்தாண்டுகள்.

*

இப்போது அந்த இரண்டு எண்களுக்கு வருகிறேன்.

மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளம் கடலடியில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்பதை ஜே.கே. பேட்டர்சன் எட்வர்டும் அவரது குழுவினரும் தூத்துக்குடியிலிருந்து தொடர்ந்து அளந்து வருகிறார்கள். 2005-இல் சுமார் 37 சதவீதம். கல் வெட்டுவது நின்ற பிறகு அது ஏறியது. 2009-இல் ஏறத்தாழ 43. இந்த ஏற்றத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். நான்கே வருடம் கடப்பாரையை இறக்காமல் விட்டதற்குக் கடல் கொடுத்த பதில் அது. தாத்தா சொன்ன 'வளரட்டும்னு விட்ருவோம்' என்ற பழைய வழக்கம் சரி என்பதற்கான சாட்சி.

2010-இல் வெப்பம் வந்தது. 33-க்கு இறங்கியது. மறுபடி ஏறியது. 2016 தொடக்கத்தில் 38.9. ஆறு வருடத்தில் விட்டதில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டது. ஆனால் முழுதும் பிடிப்பதற்குள் 2016 கோடை வந்தது. 22.7. அக்ரோபோரா, மான்டிபோரா, போசில்லோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள்தான் அதிகம் செத்தன. பிறகு மெல்ல ஏறி 2021-இல் 27 சதவீதத்தைத் தாண்டியது. ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறத் தொடங்கும் படி கீழே இருக்கிறது.

இதைக் கோடாக வரைந்தால் எங்கள் ஆலைத் திரையில் பார்க்கும் அதே ரம்பப் பல் வடிவம்தான். எந்திரம் சரியாகும் திறமை குறையவில்லை. சரியாக விடாமல் அடுத்த அடி வருகிறது.

இது மன்னாருக்கு மட்டுமில்லை. லட்சத்தீவில் 1998 முதல் ரோகன் ஆர்தரும் சக ஆய்வாளர்களும் அளந்துவருவதில், அந்த ஆண்டு சுமார் 37 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 2022-இல் 20-க்கும் கீழ். சாகும் விகிதம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்திருக்கிறது, மிஞ்சியவை கெட்டியானவை. ஆனாலும் மொத்தம் குறைகிறது. அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப்பட்டது ஒன்று: வெளிறலுக்குப் பிறகு முதல் சில வருடம் மீட்சி நத்தை வேகம்தான். வெளிறல் இல்லாத ஆறு வருடம் போலக் கழிந்த பிறகே அது வேகம் பிடிக்கிறது.

டெர்ரி ஹியூஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் குழுவும் உலகெங்கும் நூறு பவளப்பாறைகளின் பதிவை எடுத்து 2018-இல் வெளியிட்ட கணக்கு இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு பாறை கடுமையாக வெளிறுவதற்கு நடுவே 25 முதல் 30 வருடம் இருந்தது. 2016 வாக்கில் அது ஆறு வருடம்.

மீளத் தேவை பத்துப் பதினைந்து வருடம். கிடைப்பது ஆறு. எங்கள் மெயின்டனன்ஸ் அண்ணனிடம் இந்த இரண்டு எண்ணையும் கொடுத்தால், எந்திரம் எது என்றுகூடக் கேட்காமல் முடிவைச் சொல்லிவிடுவார்.

அதனால்தான் 'பவளம் தாக்குப்பிடிக்குமா, மீளுமா' என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது என்று நினைக்கிறேன். அது மீளும். மீண்டு காட்டியிருக்கிறது. கேள்வி, நாம் அதற்கு எவ்வளவு அவகாசம் விடுகிறோம் என்பது. மனிதர்கள் சேர்த்துவிட்ட கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குத்தான் போகிறது. அந்த வெப்பத்தின் ஒரு பகுதி கார்களின் புகைக்குழாயிலிருந்து வந்தது. என் தாத்தா மீட்சிக்கு வேண்டிய கல்லை எடுத்தார். நான் வேலை பார்க்கும் தொழில் அதற்கு வேண்டிய நேரத்தை எடுக்கிறது. கல்லை எடுப்பதைச் சட்டம் போட்டு நிறுத்த முடிந்தது. நேரத்தை எடுப்பதை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

*

இதற்கு மாற்றாக ஒரு வாதம் உண்டு. நண்பன் ஒருவன் வல்லக்கோட்டை டீக்கடையில் வைத்துச் சொன்னான்: "மச்சி, பவளம் டைனோசர் காலத்துலேர்ந்து இருக்கு. எத்தனை சூட்டைப் பார்த்திருக்கும். நீ ஏன்டா கவலப்படற?"

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரின் பெயரைத் தாங்கிய ஒரு பாறைப் படிவமே நிலவியலில் உண்டு. கிரெட்டேசியஸ் காலத் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் செடிகளின் அச்சுகளோடு கடல் உயிரிகளின் அச்சுகளும் கிடைத்திருக்கின்றன. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த இந்த வறண்ட வட்டாரத்துக்கும் ஒரு காலத்தில் கடல் வந்துபோயிருக்கிறது. இன்னும் தெற்கே திருச்சி, அரியலூர்ப் பக்கம் போனால் பவளமே கிடைக்கும். 1953-இல் பெயர் மாற்றக் கேட்டு தி.மு.க.வினர் தண்டவாளத்தில் படுத்தார்களே, அந்தக் கல்லக்குடி. அங்கே டால்மியா சிமெண்ட் ஆலை வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல், சுமார் 11 கோடி வருடத்துக்கு முன் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பாறை. ஒரு பெயருக்காக நடந்த போராட்டத்தின் அடியில் ஒரு கடல் படுத்திருந்தது.

அந்தப் பவளங்கள் போய்விட்டன. வேறு பவளங்கள் வந்தன. பூமி பொறுமையானது, லட்சக்கணக்கான வருடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் தூத்துக்குடியில் வலை வீசுகிறவருக்கு அந்தக் காலண்டர் உதவாது. அவருக்கு இந்த வருட மீன் வேண்டும். வான் தீவு அடுத்த பருவமழைக்கும் அலையைத் தடுத்து நிற்க வேண்டும். நண்பனிடம் இதைச் சொன்னேன். "அதுவும் சரிதான்" என்று இன்னொரு டீ சொன்னான்.

வான் தீவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சுற்றியிருந்த பாறை வெட்டப்பட்டதால் அலை நேராக அடித்து, தீவு கரைந்து சுருங்கிக்கொண்டே வந்தது. தமிழக அரசு, சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த துளையுள்ள கான்கிரீட் கட்டமைப்புகளைப் பத்தாயிரத்துக்கும் மேல் தீவைச் சுற்றிக் கடலடியில் இறக்கியது. அலையின் வேகம் குறைந்து மணல் சேர்ந்தது. கான்கிரீட்டில் பவளமும் ஒட்டி வளரத் தொடங்கியது. காரைச்சல்லித் தீவுக்கும் இப்போது அதே வழியை எடுத்திருக்கிறார்கள். 2002 முதலே தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் கட்டி நட்டு வருகிறார்கள்.

தாத்தா இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, சுண்ணாம்பிலிருந்து சிமெண்டுக்கு மாறி, சிமெண்டைக் கல்லாக்கித் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் போடுகிறோம். ஆனால் சிரிக்க வேண்டிய விஷயம் மட்டுமில்லை, நன்றாகவும் இருக்கிறது. எடுத்ததைத் திருப்பி வைக்கிறோம். மீட்சிக்குத் தேவையான மூன்றில் முதலாவது, ஒட்டிக்கொள்ள ஒரு கல், அதைத் தர முடிகிறது. மீன்பிடியை ஒழுங்குபடுத்தினால் இரண்டாவதையும் தரலாம். வெயில் அதிகமான வருடத்தில் பாசியும் பட்டினியும் கழிவுநீரும் ஒன்றாகத் தாக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். இவை எல்லாம் பவளத்துக்கு மீளும் நேரத்தைக் குறைக்கும். மூன்றாவதை மட்டும் கான்கிரீட்டில் வார்க்க முடியாது. அது புகையைக் குறைப்பதில் இருக்கிறது. தூத்துக்குடியில் மட்டுமில்லை, ஒரகடத்திலும் டெட்ராய்ட்டிலும் ஷாங்காயிலும் இருக்கிறது.

*

நோவா ஒரு அளவு வைத்திருக்கிறது. கோடை உச்சத்தை மீறிய ஒவ்வொரு டிகிரியையும் அது நீடித்த வாரங்களால் பெருக்கி, பன்னிரண்டு வாரத்துக்குக் கூட்டிக்கொண்டே வருவார்கள். நான்கைத் தொட்டால் கணிசமான வெளிறல், எட்டைத் தொட்டால் சாவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆலையில் பேரிங் சூடாவதைக் கணக்கிட நான் எழுதிய நிரல் கிட்டத்தட்ட இதேதான் செய்கிறது. ஒரு கணச் சூட்டுக்கு அலாரம் அடிக்காது, சேர்ந்துகொண்டே வரும் சூட்டுக்கு அடிக்கும். ஒரு எல்லை தாண்டினால் லைன் தானாக நின்றுவிடும். யாரும் சண்டை போடமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் நட்டம் என்று எல்லாருக்கும் தெரியும்.

2023 தொடக்கத்திலிருந்து ஓடிய இந்த நான்காவது சுற்றில் உலகின் பவளப்பாறைப் பரப்பில் 84 சதவீதம் வெளிறும் அளவுக்கு வெப்பத்தைச் சந்தித்தது. லட்சத்தீவிலும் 2024 மே மாதத்தில் பரவலான வெளிறலைக் கண்டார்கள். அந்தக் கோடையில் கம்பெனி பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை என்று நாங்கள் ஒரு வாரம் புகார் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாத்தா இப்போது இல்லை. தூத்துக்குடி வீட்டின் அடமானத்தை என் சம்பளத்தில் மீட்டோம். போன மாதம் ஒரு பக்கச் சுவரை இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. கொத்தனார் அஸ்திவாரத்திலிருந்து ஒரு முருகைக்கல்லை எடுத்து வெளியே போட்டிருந்தார். இரண்டு உள்ளங்கை அகலம். உருண்டை வகை. விளிம்பில் உடைந்த இடத்தில் மரத்தில் இருப்பதுபோல வரிகள் தெரிந்தன. வருடத்துக்கு ஒன்று. விரலால் எண்ணப் பார்த்தேன். இருபத்தி மூன்றுக்கு மேல் தேய்ந்திருந்தது.

"இத என்ன சார் செய்ய, குப்பைல போட்ரவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று வாங்கி வைத்தேன். சட்டப்படி அதை ஊர் விட்டுக் கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோக ஆசையும் இல்லை. புதுச் சுவர் எழும்பும்போது அதை இருந்த இடத்திலேயே வைத்துப் பூசச் சொன்னேன். பூக்குழிகள் இருக்கும் பக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி.